பொய்ச் சாட்சியும் நீதியும்



'சாட்சி' என்பது வடமொழியிலிருந்து நமக்கு வந்த சொல். கண்ணாற் கண்டவன் என்பது அதன் பொருள். பழந்தமிழர் இதே பொருளில் 'கரி' என்றும் 'சான்று' என்றும் வழங்கினர். சான்று என்ற சொல்லுக்கும் சான்றோர் என்ற சொல்லுக்கும் உள்ள உறவை நீங்களே உணரலாம். கண்டதைக் கண்டவாறு சொல்லும் துணிவு சால்பின் ஒரு கூறு என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, பொய்ச் சாட்சியைப் பற்றியும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றியும் விவிலியம் சொல்லும் சில கதைகள். விவிலியத்தை வேதமாகப் போற்றுவோர் பலர். ஆனால் எந்தச் சமயத்தைச் சார்ந்த மாணவரும் அதனை ஒரு பழைய சமுதாயத்தின் வழக்கு மன்றமாகக் கொண்டு படிக்கலாம். ஒரு குற்றமற்றவன் எப்படி வீழ்த்தப்படுகிறான், யார் யார் அதற்குக் கை கொடுக்கிறார்கள், எந்த இடத்தில் அதனைத் தடுத்திருக்கலாம் என்பவற்றை அக்கதைகள் வியக்கத்தக்க நுட்பத்தோடு காட்டுகின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மோசேயின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று, பிறனுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்லுதலை விலக்குகிறது. கொலையும் களவும் நிற்கும் அதே வரிசையில் பொய்ச் சாட்சியும் நிற்கிறது. இதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் கைரேகை ஆராய்ச்சி இல்லை, இரசாயனப் பரிசோதனை இல்லை, ஒளிப்படம் இல்லை. மனிதன் வாயிலிருந்து வரும் சொல்லே வழக்கின் உயிர். அச்சொல் பொய்த்தால் உயிரும் உடைமையும் மானமும் ஒருங்கே போய்விடும்.

ஆகவே அச்சட்டம் சாட்சியைச் சுற்றிப் பல வேலிகளை அமைத்தது. ஒருவன் சொல்லைக் கொண்டு மட்டும் எவனையும் கொல்லலாகாது. இருவர் அல்லது மூவர் வேண்டும் என்கிறது உபாகமம். மரண தண்டனையாயின், முதற் கல்லைச் சாட்சி சொன்னவனே எறிய வேண்டும் என்றும் விதிக்கிறது. சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க அவனுக்கு இடமில்லை. சாட்சி பொய் என்று விசாரணையில் தெரிந்தால், பிறனுக்கு அவன் எத்தண்டனையை வருவிக்க எண்ணினானோ அதனையே அவன் அடைய வேண்டும். பெரும்பான்மையோர் தவறான வழியில் சென்றால் அவர்களைப் பின்பற்றி நீதியைப் புரட்டலாகாது என்கிறது யாத்திராகமம். வழக்கில் ஏழைக்காகவும் ஒருபாற் சாயலாகாது என்று அந்நூல் கூறுவது கருதத்தக்கது. லேவியராகமம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சாட்சி சொல்லுமாறு பொதுவில் அழைக்கப்பட்டும், கண்டதையோ அறிந்ததையோ ஒருவன் சொல்லாமல் இருந்தால் அவனும் குற்றவாளியே.

இத்தனை வேலிகள் அமைந்த நாட்டிலேதான் நாபோத்தின் வழக்கு நடந்தது. இராஜாக்களின் முதற் புத்தகத்தில் 21ஆம் அதிகாரமாக அது அமைந்திருக்கிறது. காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டு. இசுரவேல் நாட்டை ஆகாப் என்ற மன்னன் ஆண்டான். யெஸ்ரயேல் என்னும் ஊரில் அவனுடைய அரண்மனைக்கு அருகே நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதனைக் காய்கறித் தோட்டமாக்க மன்னன் விரும்பினான். வேறு நல்ல தோட்டம் தருவதாகவும், இல்லையேல் விலை தருவதாகவும் சொன்னான். இதுவரை மன்னன்மேல் குறையில்லை. நாபோத் மறுத்தான். அது பிதிரார்ச்சிதம், மூதாதையர் நிலத்தைக் குடும்பத்திற்கு வெளியே நிரந்தரமாக விற்பதை அவர்களுடைய மரபு ஏற்கவில்லை.

மன்னன் வீடு திரும்பிக் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான், உணவு கொள்ளவில்லை. அரசி யேசபேல் காரணம் கேட்டறிந்தாள். மன்னன் பெயரால் கடிதங்கள் எழுதி, மன்னனுடைய முத்திரையை இட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியோர்களுக்கு அனுப்பினாள். ஊரில் ஒரு நோன்பு அறிவிக்க வேண்டும்; சபையில் நாபோத்தை முதன்மையான இடத்தில் அமர்த்த வேண்டும்; அவனுக்கு எதிரே இரண்டு கயவர்களை அமர்த்தி, அவன் கடவுளையும் மன்னனையும் பழித்தான் என்று சொல்லச் செய்ய வேண்டும்; பிறகு அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். கடிதத்தில் கண்டபடியே எல்லாம் நடந்தன.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். யேசபேல் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தின் வடிவத்தைக் கருவியாகக் கொண்டாள். நோன்பு அறிவிக்கப்பட்டது. சபை கூடிற்று. சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் வந்தனர். இரண்டுக்கு ஒன்று குறையவில்லை. தண்டனை ஊருக்கு வெளியே முறைப்படி நிறைவேறிற்று. நடவாதது ஒன்றே ஒன்று: எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது பழித்தான், எங்கே பழித்தான், அப்போது உடனிருந்தவர் யார் என்று வினவிய பெரியவர் ஒருவரேனும் அச்சபையில் இருந்ததாகக் கதை சொல்லவில்லை.

அப்பெரியோர் ஏமாந்து போனவர்கள் என்று நாம் இரங்கவும் இடமில்லை. கதையில் ஒரு சிறு குறிப்பு உள்ளது. படிப்பவர் பலர் அதனைக் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். கடிதம் வந்தது மன்னன் பெயரால், முத்திரையும் மன்னனுடையது. ஆனால் காரியம் முடிந்தவுடன் அப்பெரியோர் செய்தி அனுப்பியது மன்னனுக்கு அன்று, அரசி யேசபேலுக்கு. எழுதியவர் யார் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். அறிந்தும் நடத்தி முடித்தார்கள்.

ஆதலின் பொய்ச் சாட்சி என்பதை ஒரு கயவனுடைய நாவின் குற்றம் என்று மட்டும் கொள்வது போதாது. அதற்கு நான்கு பேர் வேண்டும். பொய்யை விரும்புகின்ற அதிகாரம் ஒன்று. அதனைச் சொல்லும் நா ஒன்று. கேள்வி கேளாது ஏற்கும் சபை ஒன்று. உண்மை அறிந்தும் வாய் திறவாத ஊர் ஒன்று. இந்நான்கில் எந்த ஒன்று தன் கடமையைச் செய்திருந்தாலும் நாபோத் பிழைத்திருப்பான்.

தோட்டத்தைக் கைப்பற்ற மன்னன் சென்றபோது எலியா என்னும் தீர்க்கதரிசி அங்கே எதிர்ப்பட்டார். அவர் கொலைக்குற்றத்தைச் சாட்டியது ஆகாபின்மீது. கடிதம் எழுதாதவன் அவன், கல்லெறியாதவன் அவன், கட்டிலில் படுத்திருந்தவன் அவன். ஆயினும் முத்திரை அவனுடையது, பயனும் அவனுடையது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப அவனுக்கு வழியில்லை. இதே நீதி பிற்காலத்தில் பிலாத்து என்ற உரோம ஆளுநனுக்கும் பொருந்தும். இயேசுவின்மேல் குற்றம் காணாதவன் அவன். விடுவிக்கும் அதிகாரம் உடையவன் அவன். கூட்டத்துக்கு அஞ்சித் தண்ணீர் வாங்கிக் கை கழுவிவிட்டுச் சாவுக்கு ஒப்புவித்தான் என்று மத்தேயு எழுதுகிறார். அதிகாரத்தை மிஞ்சிப் பயன்படுத்துவது ஒரு குற்றம். பயன்படுத்த வேண்டிய நேரத்தில் கைகழுவிவிடுவதும் குற்றமே.

நான் வாழும் தாம்பரம் வட்டாரத்தில் நாபோத்தின் கதையை விளக்குவது எளிது. சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் முதலிய ஊர்களில் ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்கள் என் வாழ்நாளிலேயே வீட்டு மனைகளாயின. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாக உயர்ந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, அதனைச் சுற்றிப் பொய்யும் ஏறுகிறது. ஆள் மாறாட்டம், போலிப் பத்திரம், இறந்தவரை உயிரோடு நடமாடச் செய்யும் வாரிசுக் கணக்கு முதலியவை தமிழகத்தின் எந்த நீதிமன்ற வாயிலிலும் கேட்கும் பேச்சுகள். பத்திரப் பதிவின்போது, இவர் இன்னார்தாம் என்று அடையாளம் காட்டி இருவர் கையெழுத்திடுகின்றனர். அவ்விருவரும் நாபோத்தின் சபையில் அமர்த்தப்பட்ட இருவரின் இடத்தில் இருப்பவர்கள். உண்மை சொன்னால் அவர்கள் நிலத்தின் காவலர்கள். முன்பின் அறியாதவரை அறிவேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களே கள்வனுக்குக் கதவு திறப்பவர்கள். நீங்கள் 18 வயது நிரம்பியதும், 'ஒரு கையெழுத்துத்தானே, தம்பி' என்று யாரேனும் உங்களையும் அழைப்பார்கள். அன்று இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, தப்பிப் பிழைத்த ஒருத்தியின் கதை. இது கத்தோலிக்கர் விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரமாக உள்ளது. சீர்திருத்தச் சபையார் இதனைத் திருமறையின் பகுதியாகக் கொள்வதில்லை. பாபிலோனில் வாழ்ந்த யூதருள் சூசன்னா என்ற பெண்மணி இருந்தாள். அவ்வாண்டு நீதிபதிகளாக அமர்த்தப்பெற்ற முதியோர் இருவர் அவளைத் தோட்டத்தில் தனியே மறித்துத் தம் இச்சைக்கு இணங்குமாறு மிரட்டினர். அவள் மறுத்தாள். மறுநாள் அவ்விருவரும் சபையில் எழுந்து, அவள் ஓர் இளைஞனோடு மரத்தடியில் இருக்கக் கண்டோம் என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் முதியோர், மேலும் நீதிபதிகள். ஆதலின் சபை நம்பிற்று. சாவுத் தீர்ப்பும் ஆயிற்று.

அப்போது தானியேல் என்னும் இளைஞன் குரல் எழுப்பினான். விசாரிக்காமல் தீர்ப்பளித்தீர்களே என்று சபையைக் கண்டித்தான். பின்பு அவன் செய்தது மிக எளிய செயல். இருவரையும் பிரித்து நிறுத்தி, ஒருவன் சொல்வது மற்றவன் காதில் விழாதபடி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்டான். ஒருவன் ஒரு சிறு மரத்தின் பெயரைச் சொன்னான். மற்றவன் கருவாலி என்னும் பெருமரத்தின் பெயரைச் சொன்னான். பொய் வெளிப்பட்டது. அவளுக்கு அவர்கள் எண்ணிய தண்டனை அவர்களையே சேர்ந்தது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாபோத்துக்கு எதிராக இருவர். சூசன்னாவுக்கு எதிராகவும் இருவர். அங்கும் பதவியின் நிழல். இங்கும் அதே நிழல். வேறுபாடு ஒரே ஒரு கேள்விதான். அக்கேள்வியைக் கேட்டவன் அச்சபையிலேயே இளையவர்களுள் ஒருவன் என்பதை மாணவர்களாகிய நீங்கள் மறக்கலாகாது.

இம்முறையை நானே கையாள நேர்ந்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், மாணவரிடம் சுற்றுலாவுக்காகத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி காணாமற் போயிற்று. வகுப்புத் தலைவனும் அவன் தோழர் இருவரும் வந்து, கடைசி வரிசையில் அமரும் ஓர் ஏழைச் சிறுவன் பெட்டியிலிருந்து எடுத்ததைக் கண்டோம் என்றனர். மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொல் பிசகாமல் சொன்னார்கள். அதுவே எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. மூவர் ஒரு காட்சியைக் கண்டால் மூன்று விதமாகச் சொல்வதே இயல்பு. ஒவ்வொருவனாக அழைத்து, பெட்டி எங்கே இருந்தது, மணி அடித்துவிட்டதா, அவன் தோளில் பை இருந்ததா என்று கேட்டேன். மூன்று விடைகள் மூன்று திசையில் ஓடின. பணத்தைத் திரட்டிய தலைவனே அதில் சிறிது செலவிட்டுவிட்டான் என்பது அன்று மாலையே தெரிந்தது. என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. சன்னலோரம் அமரும் ஒரு மாணவன் இதனை முதல் நாளே அறிந்திருந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னை யாரும் கேட்கவில்லை, ஐயா" என்றான். லேவியராகமம் அஞ்சிய மௌனம் அதுதான்.

நம் தமிழ் இலக்கியத்திலும் இக்கவலை ஆழமாகப் பதிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம், பொய்க்கரி உரைப்போரைப் பற்றி உண்ணும் என்று வருகிறது. கற்புடைய ஒரு பெண்மீது பொய்ப்பழி கூறிய ஒருவனை அப்பூதம் பிடித்தபோது, அவன் தாய் படும் துயரம் பொறாமல், அவன் உயிருக்கு ஈடாக என் உயிரைக் கொள்க என்று முன்வந்தவன் கோவலன். பூதம் அதற்கு இசையவில்லை. பொய்க்கரியாளனுக்கும் இரங்கிய அக்கோவலனே மதுரையில் ஒரு பொற்கொல்லனின் பொய்ச் சொல்லால் வெட்டுண்டு வீழ்ந்தான். பாண்டியன் அப்பொழுது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபின்தான் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்னும் சோதனை நடந்தது. தானியேல் தண்டனைக்கு முன் கேட்டதைப் பாண்டியன் தண்டனைக்குப் பின் கண்டான். அவனும் அரியணையிலேயே உயிர் துறந்தான். அறம் பிழைத்ததை உணர்ந்து உயிர்விட்ட மன்னனை நாம் போற்றுகிறோம். ஆனால் கோவலன் மீளவில்லை.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வழியே சென்றால் குன்றத்தூர் வரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. அவர் காட்டும் ஒரு நீதிமன்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சுந்தரர் மணக்கோலத்தில் இருக்கும்போது முதியவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் முதியவரிடம் சான்று கேட்டனர். ஆட்சி, ஆவணம், காட்சி என மூவகைச் சான்றுகள் அங்கே பேசப்படுகின்றன. வழக்கமாக நடந்து வந்தது ஆட்சி. எழுத்தில் உள்ளது ஆவணம். கண்டவர் சொல்வது காட்சி. முதியவர் மூல ஓலையை நீட்டினார். அதிலிருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் இறைவன் என்பது பத்தர்களுக்கு உரிய செய்தி. ஊரார் போற்றும் மணமகனையும் ஊர் அறியாத முதியவரையும் ஒரே தட்டில் வைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் உரிய செய்தி.

இனி ஏட்டுக் கதைகளை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்துத் தாசில்தார் ஒருவரே வரி தண்டுபவர். காவல் தலைவரும் அவரே. சிறு குற்றங்களை விசாரிப்பவரும் அவரே. வரி செலுத்த இயலாத குடியானவனை வெயிலில் நிறுத்துவதும், விரல்களைக் கிட்டி என்னும் மரக்கருவியில் வைத்து நெரிப்பதும் நடந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அதே கிட்டி பயன்பட்டது. வலியால் ஒருவன் தனக்கு எதிராகத் தானே பொய்ச் சாட்சி சொல்லும்படி செய்தது அக்கருவி. முறையிட வேண்டுமானால் யாரிடம் செல்வது? நெரித்தவரிடமே!

1852ஆம் ஆண்டில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சென்னையில் தோற்றுவித்த சங்கம் இக்கொடுமையை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு எடுத்துச் சென்றது. 1853இல் சென்னைக்கு வந்த டான்பி சீமோர் என்ற உறுப்பினரைச் செட்டியார் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று நேரிற் காணச் செய்தார். 1854 ஜூலையில் இது நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. அவ்வாண்டே எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு கேட்கத் தொடங்கியவுடன், மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் நெடுந்தொலைவு நடந்து வந்தனர். வர இயலாதோர் எழுதினர். நேரில் வந்தோர் முறையீடுகள் 519, கடிதங்கள் 1,440, ஆக 1,959. அதுவரை பேசாதிருந்த ஊர், கேட்க ஒருவர் உண்டு என்று அறிந்ததும் பேசிற்று.

1855இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைப் பெரும்பாலும் கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் ஏற்றி, மேலிருந்த ஆங்கில அதிகாரிகளை விடுவித்தது. எலியா ஆகாபை விடவில்லை. இக்குழு ஆகாபை விட்டுவிட்டு ஊர்ப் பெரியோரைப் பிடித்தது எனலாம். எனினும் நன்மையும் விளைந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவல்துறை வருவாய்த்துறையினின்று பிரிந்து தனித் துறையாயிற்று. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்ற விதி 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நெரிபட்ட விரல்களின் நினைவு அப்பிரிவில் இருக்கிறது என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

விடுதலை பெற்ற நாட்டில் இவை மறைந்துவிட்டனவா? தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் சிற்றூர் உள்ளது. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். பின்பு, துன்புற்றவர்களே குற்றவாளிகளாக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சந்தனக் கடத்தல் வழக்கில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பக்கம் அரசின் முத்திரை. மறு பக்கம் எழுத்தறிவும் செல்வமும் இல்லாத ஓர் ஊர்.

ஆனால் இவ்வூர் வாய் திறந்தது. இடதுசாரி இயக்கத்தாரும் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் துணை நின்றனர். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் 269 பேர். அவர்களுள் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்தனர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடங்களைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அத்தீர்ப்பு பணித்தது. 1855ஆம் ஆண்டின் குழு செய்யத் தவறியதை இத்தீர்ப்பு செய்தது. முத்திரையைக் கையில் வைத்திருந்தவர்களையும் அது விடவில்லை.

நிகழ்ச்சிக்கும் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். அன்று இளம்பெண்களாக இருந்தவர்கள் தாய்மாராயினர், சிலர் பாட்டிமாராயினர். மிரட்டலுக்கும் சலிப்புக்கும் இடையே அவர்கள் ஒரே உண்மையை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாட்சி சொல்லுதல் எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை நான் அவர்களிடம் கற்றேன்.

இன்றைய நம் சட்டம் பொய்ச் சாட்சியை எளிதாகக் கருதவில்லை. நீதிமன்ற நடவடிக்கையில் அறிந்தே பொய்ச் சாட்சி சொல்பவருக்கு ஏழாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவு. பொய்ச் சாட்சியால் குற்றமற்றவர் தூக்கிலிடப்பட்டால், அதனைச் சொன்னவருக்கும் மரண தண்டனை வரை விதிக்க இடமுண்டு. உபாகமத்தின் பழைய விதி இதில் எதிரொலிப்பதை நீங்கள் காணலாம். ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கும் நம் சாட்சியச் சட்டத்தில் இல்லை. எண்ணிக்கை பெரிதன்று, சாட்சியின் தரமே பெரிது. நாபோத்துக்கு எதிராகவும் இருவர் இருந்தார்களே!

ஆயினும் சட்டம் ஒரு வேலிதான். வேலியைத் தாண்டுபவன் என்றும் இருப்பான். நாபோத்தின் ஊரிலும் சட்டம் இருந்தது, கேள்விதான் இல்லை. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. வகுப்பறையிலும் விளையாட்டிடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் தொடங்குகிறது. ஒருவனைப் பற்றி ஊரே பழி சொல்லும்போது, 'நீ கண்டாயா, கேட்டாயா?' என்று வினவுங்கள். கைபேசியில் ஒரு செய்தி வந்தால், அறியாததைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதும் ஒரு கையெழுத்தே. வகுப்புத் தலைவனாக, சங்கச் செயலாளனாக, நாளை ஓர் அலுவலகத்தின் தலைவனாக உங்கள் கையில் ஒரு முத்திரை வரும். உங்கள் பெயரால் யார் எதை எழுதுகிறார்கள் என்பதை அறிந்து வைத்திருங்கள். உங்கள் அருகே ஒருவன்மீது பொய்ப்பழி விழும்போது, உண்மை உங்களுக்குத் தெரிந்திருந்தால், யாரேனும் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல் எழுந்து சொல்லுங்கள்.